நிலத்தை இழந்த குடியரசு

1911 அக்டோபர் 9. யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஹான்கோவ் நகரம். அங்கே ரஷ்யர்களுக்கு விடப்பட்டிருந்த பகுதியில், ஒரு வீட்டுக்குள் சில இளைஞர்கள் ரகசியமாக வெடிகுண்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று கை தவறி வெடித்தது. சத்தம் கேட்டுப் போலீஸ் வந்தது. குண்டுகள் சிக்கின. அவற்றைவிட ஆபத்தான இன்னொன்றும் சிக்கியது: ரகசிய சங்கத்தின் உறுப்பினர் பட்டியல்.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பலர் ஆற்றுக்கு அக்கரையில், வூசாங் நகரில், மஞ்சு சக்கரவர்த்தியின் படையிலேயே சம்பளம் வாங்கிய சிப்பாய்கள். மறுநாள் விடிவதற்குள் மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு வழி இரண்டுதான். ஓட வேண்டும், அல்லது உடனே கிளம்பிச் சண்டை போட வேண்டும். அன்று இரவு பொறியியல் படைப்பிரிவு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றியது. மாகாணத்தின் வைஸ்ராய் தன் மாளிகைச் சுவரில் ஓட்டை போட்டு வெளியேறி, ஆற்றில் நின்ற போர்க்கப்பலில் ஏறிக்கொண்டார். பொழுது விடிந்தபோது வூசாங் புரட்சிக்காரர்கள் கையில். 267 ஆண்டுகளாகப் பெய்ஜிங்கில் அமர்ந்து ஆண்ட ஒரு வம்சம் சரியத் தொடங்கியது இப்படித்தான்.

தலைமை தாங்கத்தான் ஆளில்லை. சிப்பாய்கள் தேடிப் பிடித்தது லி யுவான்ஹொங் என்ற படைத்தளபதியை. அவருக்குப் புரட்சியில் நாட்டமே இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தவரை இழுத்து வந்து துப்பாக்கி முனையில் ஆளுநராக்கினார்கள் என்று அந்தக் கதையைச் சொல்கிறார்கள். பின்னாளில் அவர் இரண்டு முறை நாட்டின் அதிபராகவும் இருந்தார்!

புரட்சியின் உண்மையான தலைவராகக் கருதப்பட்ட டாக்டர் சன் யாட்-சென், அப்போது அமெரிக்காவின் டென்வர் நகரில் கட்சிக்கு நிதி திரட்டிக்கொண்டிருந்தார். தன் நாட்டில் புரட்சி வெடித்த செய்தியை அவர் தெரிந்துகொண்டதே நாளிதழைப் படித்துத்தான்.

பினாங்கிலிருந்து வந்த பணம்

இப்படிச் சொன்னால் எல்லாமே தற்செயல் என்று தோன்றும். அப்படியில்லை. வெடிமருந்து பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தது. ஜப்பானிடம் 1895-இல் தோற்று, தைவான் தீவையே எழுதிக் கொடுக்க நேர்ந்த அவமானம். அடுத்தடுத்து வெளிநாட்டுக் கடன். உச்சக்கட்டமாக, 1911 மே மாதத்தில் சீர்திருத்தம் என்ற பெயரில் அரசு செய்த ஒரு காரியம். மாகாணங்களில் வணிகர்களும் நிலக்கிழார்களும் பங்கு போட்டுத் தொடங்கியிருந்த ரயில் பாதைத் திட்டங்களை அரசுடைமையாக்கி, வெளிநாட்டு வங்கிகளிடம் கடன் வாங்கியது அரசு. சிசுவான் மாகாணத்தில் பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களை அடக்க வூசாங் பகுதியிலிருந்து படை போனது. வூசாங்கில் காவல் குறைந்ததற்கு அதுவே காரணம்.

சன் யாட்-சென் அதற்கு முன் எழுப்பிய கலகங்கள் எல்லாம் தோல்வி. அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து வாழ்ந்த சீனர்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியன் தெரு 120-ஆம் எண் வீடு அவருடைய இயக்கத்தின் தளமாக இருந்தது. தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம். 1910 நவம்பரில் பினாங்கில் கூடிய கூட்டத்தில்தான் அடுத்த ஆண்டு கேன்டன் நகரில் நடத்த வேண்டிய எழுச்சிக்குத் திட்டம் போட்டார்கள். 1911 ஏப்ரலில் நடந்த அந்த எழுச்சியும் தோற்றது. 72 தியாகிகள் என்று இன்றும் நினைவுகூரப்படுபவர்கள் அதில் இறந்தவர்கள்தான்.

இந்த அலையின் ஒரு துளி தமிழிலும் விழுந்திருக்கிறது. புரட்சிக்காக 1907-இல் தலை கொடுத்த சியூ சின் என்ற சீனப் பெண்ணைப் பற்றி மகாகவி பாரதியார் கட்டுரை எழுதியிருக்கிறார்.

வூசாங் விழுந்த ஆறே வாரங்களில் பதினைந்து மாகாணங்கள் பெய்ஜிங்கைக் கைகழுவின. டிசம்பர் 25-இல் சன் ஷாங்காய் வந்து இறங்கினார். 1912 ஜனவரி 1 அன்று நான்ஜிங்கில் தற்காலிக அதிபராகப் பதவியேற்றார். புதிய அரசு பழைய சந்திர நாட்காட்டியை விலக்கிவிட்டு அந்த ஆண்டையே குடியரசின் முதல் ஆண்டு என்று அறிவித்தது. தைவானின் அரசு ஆவணங்களில் இன்றும் அந்தக் கணக்குதான் நடக்கிறது. அங்கே 2026 என்பது 115-ஆம் ஆண்டு. (வடகொரியா நெடுங்காலம் வைத்திருந்த ஆண்டுக் கணக்கும் அதே 1912-இல்தான் தொடங்குகிறது. காரணம் வேறு: கிம் இல்-சுங் பிறந்த ஆண்டு அது!)

சன்னிடம் அதிபர் பதவி இருந்தது, படை இல்லை. படை இருந்தது யுவான் ஷிகாயிடம். சக்கரவர்த்தியின் தளபதியான யுவான் இரண்டு பக்கமும் பேரம் பேசினார். 1912 பிப்ரவரி 12-இல் ஆறு வயதுச் சிறுவன் பூ யி பெயரில் அரியணை துறப்பு ஆணை வெளியானது. அதற்கு விலையாக யுவான் அதிபரானார். சக்கரவர்த்திக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு நாற்பது லட்சம் வெள்ளி மானியம். வசிப்பதற்கு அதே பழைய அரண்மனை. ஒரு ராஜ்ஜியத்தின் கதையை இத்தனை பணிவாக முடித்துவைத்த புரட்சிகள் உலகில் குறைவு.

ரயில் நிலையத்தில் மூன்று குண்டு

இந்தக் குடியரசின் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது 1913. வூசாங்கையும் நான்ஜிங்கையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இதை மறந்துவிட்டார்கள்.

1912 இறுதியில் தொடங்கி 1913 தொடக்கம் வரை சீனாவில் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியலில் சுமார் நான்கு கோடிப் பேர். சொத்தோ படிப்போ உள்ள ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு, பெண்களுக்குக் கிடையாது. அந்த அநீதிக்கு முன்கூட்டியே ஒரு பதில் கிடைத்திருந்தது. கோமின்டாங் கட்சி உருவான 1912 ஆகஸ்ட் கூட்டத்தில், கொள்கை அறிக்கையிலிருந்து ஆண் பெண் சமத்துவத்தை நீக்கியதற்காக, தாங் சுன்யிங் என்ற பெண் போராளி மேடையேறி, கட்சியைக் கட்டிய சொங் ஜியாவ்ரென்னின் கன்னத்தில் அறைந்தார்.

அறை வாங்கிய சொங்குக்கு அப்போது முப்பது வயது. ஜப்பானில் சட்டம் படித்தவர். துப்பாக்கியால் பிடித்த ஆட்சியை நாடாளுமன்றத்தால் நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதிபரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் அமைச்சரவை ஆட்சி வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தேர்தலில் கோமின்டாங் இரு அவைகளிலும் மிகப் பெரிய கட்சியாக வந்தது. அடுத்த பிரதமர் சொங் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

1913 மார்ச் 20 இரவு, பெய்ஜிங் ரயிலைப் பிடிக்க ஷாங்காய் நிலையத்துக்கு வந்தார் சொங். வழியனுப்ப நண்பர்கள் கூட்டம். நுழைவாயில் அருகே வெகு பக்கத்திலிருந்து ஒருவன் சுட்டான். இரண்டு நாள் உயிருக்குப் போராடிய சொங், படுக்கையிலிருந்தபடி அதிபர் யுவானுக்குத்தான் தந்தி எழுதச் சொன்னார்: மக்களின் உரிமையைக் காக்கும் அரசியல் சட்டம் ஒன்றை உருவாக்கித் தாருங்கள் என்று. மார்ச் 22 விடியற்காலையில் இறந்தார்.

சுட்டவன் சில நாட்களிலேயே பிடிபட்டான். ஏவியவனும் சிக்கினான். ஏவியவன் வீட்டில் கிடைத்த கடிதங்களும் தந்திகளும் பெய்ஜிங்கில் அமைச்சரவைச் செயலாளர் ஒருவர் வரைக்கும், அவர் வழியே பிரதமர் ஜாவ் பிங்ஜுன் வரைக்கும் போயின. பிறகு நடந்தது ஒரு துப்பறியும் கதையாசிரியர்கூட எழுதத் தயங்கும் சங்கதி. சுட்டவன் காவலில் மர்மமாக இறந்தான். ஏவியவன் சிறையிலிருந்து தப்பி, 1914 ஜனவரியில் ஓடும் ரயிலில் கொல்லப்பட்டான். அடுத்த மாதமே ஜாவ் பிங்ஜுன் திடீரென இறந்தார். யுவான் நேரடியாக உத்தரவிட்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பலன் யாருக்குப் போனது என்பதில் மட்டும் வாதமில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கோமின்டாங் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நாடாளுமன்றம் மூடப்பட்டது.

மன்னராட்சி விழுந்ததை 1911-இன் சாதனை என்று எழுதுவது வழக்கம். மன்னனை இறக்கியது எளிதான பாதி. சீனக் குடியரசு உண்மையில் தோற்றது ஜப்பானிடமோ கம்யூனிஸ்டுகளிடமோ அல்ல. பிறந்த பதினைந்தாம் மாதத்தில், ஷாங்காய் ரயில் நிலையத்தில்.

சக்கரவர்த்தி ஆசையும் சவுரி முடியும்

யுவானுக்கு ஆசை விடவில்லை. 1915 டிசம்பரில் தன்னையே சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டார். யுன்னான் மாகாணம் கிளர்ந்தெழ, மற்ற மாகாணங்கள் பின்தொடர, 1916 மார்ச்சில் கிரீடத்தைக் கைவிட்டார். ஜூனில் இறந்தும் போனார். அடுத்த ஆண்டு ஜெனரல் ஜாங் சுன், தன் படையினரின் தலையில் மஞ்சு காலத்துப் பின்னலை வெட்டவிடாமல் வைத்திருந்தவர், பெய்ஜிங்குக்குள் புகுந்து சிறுவன் பூ யியை மறுபடி அரியணையில் ஏற்றினார். பின்னலை எப்போதோ கத்தரித்திருந்த பெய்ஜிங்வாசிகள் அவசரமாகப் பொய்ப் பின்னல் வாங்கி மாட்டிக்கொண்டார்களாம். பன்னிரண்டே நாள். ஆட்சி போனது, பின்னல்களும் குப்பைக்குப் போயின.

அதன்பின் பத்தாண்டு, ஆளுக்கொரு படை, மாகாணத்துக்கொரு தளபதி. 1923-இல் சாவ் குன் என்ற தளபதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தலைக்கு ஐயாயிரம் வெள்ளி கொடுத்து அதிபரானார். ஓட்டுக்குப் பணம் என்பது நமக்குப் புதிதல்ல; அவர் காசோலையாகக் கொடுத்தார், அதுதான் விசேஷம்.

ஆட்சியாளர்கள் இப்படி இருந்தபோது தெருவில் வேறொரு நாடு உருவாகிக்கொண்டிருந்தது. முதல் உலகப் போரில் நேச நாடுகளின் பக்கம் நின்ற சீனாவுக்கு, வெர்சாய் மாநாட்டில் கிடைத்தது ஏமாற்றம். ஷான்டுங்கில் ஜெர்மனி அனுபவித்த உரிமைகள் ஜப்பானுக்குத் தாரை வார்க்கப்பட்டன. 1919 மே 4 அன்று சுமார் மூவாயிரம் மாணவர்கள் தியானன்மென்னில் திரண்டார்கள். மொழி, குடும்பம், கல்வி, பெண்ணுரிமை என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்ட தலைமுறை அது. 1921-இல் ஷாங்காயில் பிறந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆள் கொடுத்ததும் அந்தத் தலைமுறைதான்.

1925-இல் சன் யாட்-சென் இறந்தார். அவர் தொடங்கிய வாம்போவா ராணுவப் பள்ளியின் தலைவர் சியாங் கை-ஷேக், 1926-இல் வடக்கு நோக்கிப் படை நடத்தி, தளபதிகளை ஒவ்வொருவராக அடக்கினார். கூட்டாளிகளாக இருந்த கம்யூனிஸ்டுகளை 1927 ஏப்ரலில் ஷாங்காயில் வெட்டிச் சாய்த்தார். 1928 முடிவில் நாடு பெயரளவில் ஒன்றானது, தலைநகரம் நான்ஜிங். சாலை, ரயில், புதிய சட்டங்கள், பல்கலைக்கழகங்கள் என்று நிஜமான வேலை நடந்த காலம் அது. தேர்தல் மட்டும் நடக்கவில்லை. மக்கள் பக்குவப்படும் வரை கட்சியே பாதுகாவலர் என்பது கோமின்டாங்கின் நிலைப்பாடு. பக்குவம் எப்போது வரும் என்று தீர்மானிப்பதும் கட்சிதான்.

1937 ஜூலையில் ஜப்பான் முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. டிசம்பரில் நான்ஜிங் விழுந்தது. அங்கே நடந்த படுகொலை உலகறிந்தது. அரசு உள்நாட்டு மலைநகரமான சோங்சிங்குக்குப் பெயர்ந்தது. ஜப்பானியரைத் தடுக்க 1938 ஜூனில் மஞ்சள் ஆற்றின் கரையைச் சியாங்கின் படையே உடைத்துவிட, வெள்ளத்திலும் அதன்பின் வந்த பசியிலும் நோயிலும் லட்சக்கணக்கான சொந்த மக்கள் மாண்டார்கள். 1942 பிப்ரவரியில் சியாங் மனைவியுடன் இந்தியா வந்தார். கல்கத்தாவில் காந்தியைச் சந்தித்தார். இந்தியர்களுக்கு உண்மையான அதிகாரம் கொடுங்கள் என்று பிரிட்டனிடம் பகிரங்கமாகக் கேட்டார். 1945-இல் ஐ.நா. சாசனத்தில் முதல் கையெழுத்துப் போட்ட நாடு சீனக் குடியரசு. பாதுகாப்பு சபையில் நிரந்தர இடமும் கிடைத்தது.

உலக மேடையில் அந்த உயரம். உள்ளூர்ச் சந்தையில்? 1948 ஆகஸ்டில் பழைய நோட்டு முப்பது லட்சத்துக்குப் புதிய 'தங்க யுவான்' ஒன்று என்று அரசு மாற்றிக் கொடுத்தது. வீட்டிலிருக்கும் தங்கம், வெள்ளி, டாலர் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. சட்டத்துக்குப் பணிந்த நடுத்தர வர்க்கம் வளையலையும் மோதிரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தது. சில மாதங்களில் புதிய நோட்டும் காகிதமானது. 1949-இல் ஐந்து லட்சம் யுவான் ஒற்றை நோட்டாக வந்தது. 1948 டிசம்பரில் ஷாங்காய் வங்கி வாசலில் தங்கம் வாங்க ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தை ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான் படம் எடுத்திருக்கிறார். கோமின்டாங் ஏன் தோற்றது என்பதற்கு அந்த ஒரு படம் போதும். போர்க்களத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவின் படை வெல்வதற்கு முன்பே, நகரத்து மனிதர் மனத்தில் அரசு தோற்றிருந்தது.

1949 ஏப்ரலில் நான்ஜிங் போனது. அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் மக்கள் சீனக் குடியரசு பிறந்தது. டிசம்பரில் சீனக் குடியரசின் அரசு தைவானின் தைபேவுக்குப் பெயர்ந்தது. சுமார் 60 லட்சம் பேர் வாழ்ந்த தீவுக்குள் படையினரும் அதிகாரிகளும் குடும்பங்களுமாகப் பத்து முதல் இருபது லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். கருவூலத் தங்கம் வந்தது. அரண்மனை அருங்காட்சியகத்தின் கலைச்செல்வங்கள் 2,972 பெட்டிகளில் வந்தன.

ஓய்வு பெறாத நாடாளுமன்றம்

1911-இல் புரட்சி வெடித்தபோது தைவான் ஜப்பானின் காலனி. குடியரசு பிறந்ததிலோ வளர்ந்ததிலோ அந்தத் தீவுக்குப் பங்கே இல்லை. 1945-இல் தீவைக் கையேற்ற கோமின்டாங் அதிகாரிகளின் ஊழல் தைவான்காரர்களை வெறுப்பேற்றியது. 1947 பிப்ரவரி 27 மாலை, தைபே தெருவில் கள்ள சிகரெட் விற்ற ஒரு விதவையை அதிகாரிகள் தாக்கினார்கள். மறுநாள் தீவே பற்றியெரிந்தது. பெருநிலத்திலிருந்து வந்து இறங்கிய படை சுட்டுத் தள்ளியதில் 18,000 முதல் 28,000 பேர் இறந்திருக்கலாம் என்று தைவான் அரசே 1992-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. 1949 மே மாதம் அமலான ராணுவச் சட்டம் 1987 ஜூலை வரை, 38 ஆண்டுகள் நீடித்தது.

சியாங்கின் அரசு தன்னைச் சீனா முழுவதற்குமான அரசு என்றே சொல்லிக்கொண்டது. அதற்கு ஒரு நாடாளுமன்றம் தேவை. சிசுவானுக்கும் ஹெனானுக்கும் உறுப்பினர்கள் வேண்டும். அங்கே தேர்தல் நடத்தவோ முடியாது. தீர்வு? கம்யூனிஸ்ட் வெற்றிக்கு முன் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே, மறுதேர்தல் சாத்தியமாகும் வரை தொடரலாம் என்று 1954-இல் அரசியல் சட்ட விளக்கம் வந்தது. சாத்தியமாகவே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் பதவியில் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்தவர்களும் உண்டு. தைவான்காரர்கள் அதைப் பத்தாயிரம் ஆண்டு நாடாளுமன்றம் என்று கேலி செய்தார்கள்.

ஆனால் இதே அரசு, பெருநிலத்தில் செய்யத் தவறியதைத் தீவில் செய்தது. விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் குத்தகை வாங்கக் கூடாது என்று 1949-இல் உச்சவரம்பு வந்தது. 1953-இல் உழுதவனுக்கு நிலம். இதில் நிலப்பிரபுக்களின் எதிர்ப்பு எடுபடவில்லை. காரணம், ஆண்டவர்களில் யாருக்கும் தைவானில் நிலமில்லை! சின்னச் சின்னப் பட்டறைகளும் ஏற்றுமதியும் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்தன. இன்று உலகின் அதிநவீன சிப்புகளில் பெரும்பங்கைச் செய்யும் டிஎஸ்எம்சி 1987-இல் அரசின் ஆதரவோடு தொடங்கியது.

வெளியே கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1971 அக்டோபர் 25-இல் ஐ.நா. இடம் பெய்ஜிங்குக்குப் போனது. 1979 ஜனவரி 1-இல் அமெரிக்காவும் கைவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் காவ்சியுங் நகரில் மனித உரிமை நாள் பேரணி கலவரமாக, எதிர்ப்பாளர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற அன்னெட் லூ 2000-இல் துணை அதிபரானார். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான சென் ஷுய்-பியான் அதே தேர்தலில் அதிபரானார்.

அந்த இடத்துக்கு வர நீண்ட வழி. சியாங்கின் மகன் சியாங் சிங்-குவோ, மாஸ்கோவில் படித்தவர், ரகசிய போலீஸை நடத்தியவர், கடைசி ஆண்டுகளில் கயிற்றைத் தளர்த்தினார். 1986 செப்டம்பரில் ஜனநாயக முற்போக்குக் கட்சி சட்டத்தை மீறித் தொடங்கப்பட்டபோது அவர் யாரையும் கைது செய்யவில்லை. அவருக்கு அடுத்து அதிபராக வந்த லீ டெங்-ஹுய் தைவானிலேயே பிறந்தவர். 1990 மார்ச்சில் மாணவர்கள் தைபே சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள்; லீ அவர்களை அழைத்துப் பேசினார். தியானன்மென்னில் டாங்கி வந்து பத்து மாதங்கூட ஆகாத நேரம் அது. 1991 டிசம்பர் 31-இல் கிழவர்களின் நாடாளுமன்றம் கடைசியாக வீட்டுக்குப் போனது.

1996 மார்ச் 23 அன்று நேரடி அதிபர் தேர்தல். பெய்ஜிங் தீவின் துறைமுகங்களுக்கு அருகே கடலில் ஏவுகணைகளை வீசிப் பார்த்தது. மிரட்டல் பலிக்கவில்லை, மிரட்டப்பட்ட லீ 54 சதவீத வாக்கோடு வென்றார். சொங் ஜியாவ்ரென் சுடப்பட்டு 83 ஆண்டுகள் கழித்து, சீனக் குடியரசு என்ற பெயருக்குக் கீழே வாக்குப்பெட்டி ஆட்சியைத் தீர்மானித்தது. இதற்கான பெருமை கோமின்டாங்குக்குப் பாதிகூடச் சேராது. சிறைக்குப் போன தைவான்காரர்களுக்கே பெரும்பங்கு.

முரண் இன்னும் தீரவில்லை. 2024 மே 20-இல் பதவியேற்ற லாய் சிங்-தே, சுரங்கத் தொழிலாளி மகன், மருத்துவர், தைவான் தனி அடையாளம் பேசும் கட்சிக்காரர். அவரும் சன் யாட்-சென் படத்துக்கு முன் நின்றுதான் உறுதிமொழி எடுத்தார். அதே சன்னின் படத்தைப் பெய்ஜிங்கும் அக்டோபர் முதல் தேதியன்று தியானன்மென் சதுக்கத்தில் வைக்கிறது. பெய்ஜிங்குக்குச் சீனக் குடியரசு 1949-இல் செத்துப்போன அரசு. அது தன் பெயரை மாற்றிக்கொண்டாலோ பிரிவினை என்று போர் முழக்கம். இல்லாத அரசு, ஆனால் பெயரை மாற்றக் கூடாது! தைவானில் பலருக்கு அந்தப் பெயர் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சுமை. 2021-இல் வந்த புதிய பாஸ்போர்ட்டில் 'தைவான்' பெரிதாகவும், ஆங்கிலத்தில் குடியரசின் பெயர் சின்னத்தைச் சுற்றிப் பொடி எழுத்திலும் இருக்கின்றன. 2024 ஜனவரியில் நவ்ரு விலகிய பிறகு இந்தக் குடியரசை அங்கீகரித்த நாடுகள் 12.

இந்தியா அவற்றில் இல்லை. 1949 டிசம்பர் 30-ஆம் தேதியே டெல்லி பெய்ஜிங்கை அங்கீகரித்துவிட்டது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கானும், செய்யாறில் ஷூ தைக்கும் ஃபெங் டேயும் தைவான் நிறுவனங்கள். அவற்றின் வரவைப் பார்த்து 2012-இல் சென்னையில் ஓர் அலுவலகமும் திறந்தார்கள். பலகையில் 'தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்' என்றிருக்கும். தூதரகம் என்ற அந்தஸ்து கிடையாது, விசா கிடைக்கும்.